ஐந்தாம் மேசையின் கண்ணாடி

அவளுடைய கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தால் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். சாப்பிட உட்கார்ந்தால் டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். கணவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் மூக்கிலிருந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "ஹா" என்று ஊதி, துடைத்து, திரும்ப மாட்டிவிடுவாள். அவர் விட்ட வரியில் விரலை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். சிவப்பு விளக்கு மாறும்வரை காத்திருப்பது அவருக்குப் புதிதல்ல.

அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. அதில் இருபத்திரண்டு வருடம் நான்கு மாதம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் போயிற்று. சட்டத்தில் பொருத்திய சில்லுகளைக் கடைசியாக ஊதித் துடைத்துப் பெட்டியில் வைப்பது அவள் வேலை. நாளுக்கு நாற்பது ஜோடி. ஒரு நாள் பொழுது போகாமல் கணவர் கணக்குப் போட்டார். வருடத்துக்கு முந்நூறு நாள் என்று வைத்தாலே இரண்டு லட்சத்து அறுபத்து நாலாயிரம் ஜோடி வந்தது. "ஒரு சில்லுக்கு ஒரு ஊதல்னா அஞ்சு லட்சத்து இருபத்தெட்டாயிரம் தடவை ஊதியிருக்கே. பலூன் ஊதியிருந்தா ஊரையே தூக்கியிருக்கலாம்" என்றார். அந்தக் கடைக்குத் துடைக்கும் இயந்திரம் வந்தபிறகு அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் அவளால் எட்டு மாதம் இருக்க முடிந்தது. அதற்குள் வீட்டில் துடைக்க எதுவும் மிச்சமில்லை. வானாய்வகத்தின் ஆவணக் காப்பகத்தில் கண்ணாடி துடைக்க ஆள் தேவை என்று விளம்பரம் வந்ததும் வெட்டிக் கொண்டுவந்து நீட்டியது அவளல்ல, அவள் நாத்தனார். கணவருக்கு மூத்தவர், தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்று அவர்களோடேயே இருப்பவர். "போயிட்டு வா, புண்ணியமாப் போகும். இன்னும் ஒரு மாசம் நீ வீட்ல இருந்தா சுவரெல்லாம் தேஞ்சுடும்" என்றார்.

காப்பகத்தில் வைத்த தேர்வு எளியது. பாழாய்ப்போன ஒரு கண்ணாடியைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னார்கள். துடைத்தாள். பொறுப்பாளர் பூதக்கண்ணாடி வைத்து நான்கு மூலையையும் பார்த்தார். மயிரிழைக் கீறல்கூட இல்லை. மறுநாளே வேலை. அங்கே எல்லோரும் அவளைக் கண்ணாடிக்காரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அந்தக் காப்பகத்தில் இருந்தவை எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கண்ணாடிகள். ஒவ்வொன்றும் எட்டு அங்குலத்துக்குப் பத்து அங்குலம். ஏறக்குறைய எழுபது வருடம், மேகமில்லாத இரவெல்லாம் வானத்தை அவற்றில்தான் படம் பிடித்தார்கள். காகிதமோ பிலிமோ நாளானால் சுருங்கும், இழுபடும். கண்ணாடி அப்படியே நிற்கும். இரண்டு நட்சத்திரத்துக்கு நடுவே உள்ள தூரத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை அளக்கிறவர்களுக்கு அதுதான் முக்கியம். அந்தப் படங்களில் வானம் வெளுப்பு, நட்சத்திரம் கறுப்பு. முதல் நாள் பார்த்தபோது அவளுக்கு யாரோ மிளகுத்தூளைச் சிந்திவிட்டதாகத் தோன்றித் துணியை எடுத்தே விட்டாள். பொறுப்பாளர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, அது அழுக்கு இல்ல. அது வானம்."

ஒரு பக்கம் படம் படிந்த பசை; அதைத் தொடக்கூடாது. மறுபக்கம் வெறும் கண்ணாடி. அந்தப் பக்கத்தில்தான் மையால் குறித்திருந்தார்கள், வட்டம், அம்பு, எண், ஓரிரு சொல் என்று. குறித்தவர்கள் அளவைக்காரர்கள். பகல் முழுக்க மேசையில் உட்கார்ந்து, கீழே விளக்கு எரியும் சட்டத்தில் கண்ணாடியை வைத்து, புள்ளி புள்ளியாகப் பார்த்து ஒளியை மதிப்பிட்டவர்கள். பழைய பேரேடுகளில் அவர்களுக்குப் பெயர் கிடையாது. முதல் மேசை, இரண்டாம் மேசை என்று எட்டு மேசைகள். மேசையில் ஆள் மாறினாலும் ஏட்டில் மேசைதான்.

கண்ணாடிகளின் உறைகளைப் படிப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. "இடையில் மேகம், பயனில்லை" என்று ஓர் உறை. "குழாயில் அந்துப்பூச்சி, வலது கீழ்மூலையில் தெரிவது அதன் இறக்கை" என்று ஒன்று. "உதவியாளர் தும்மியதால் நட்சத்திரங்கள் அனைத்தும் இரட்டை" என்று இன்னொன்று. இதை வீட்டில் சொன்னபோது நாத்தனார் இரண்டு நாள் சிரித்தார்.

இத்தனை கண்ணாடியையும் இப்போது ஸ்கேனரில் வைத்துக் கணினிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மை இருந்தால் அடியில் உள்ள நட்சத்திரம் மறையும். அதனால் மையைத் துடைக்க வேண்டும். துடைப்பதற்குமுன் மைக்குறிகளை ஒரு சாதாரணக் கேமராவில் படம் எடுத்து வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தட்டு, ஒரு தட்டில் பன்னிரண்டு கண்ணாடி. முதலில் பன்னிரண்டையும் வரிசையாகப் படம் எடுப்பாள். கேமராவில் எண்ணிக்கை பன்னிரண்டா என்று பார்ப்பாள். பேரேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். பிறகுதான் தண்ணீரும் ஸ்பிரிட்டும் பாதிப்பாதி கலந்து நனைத்த துணியை எடுப்பாள்.

துடைக்கும்போது அவளுக்கு ஒவ்வொரு நாளும் சங்கடமாகத்தான் இருந்தது. "யாரோ கண்ணு வலிக்க வலிக்க எழுதினது சார்" என்று ஆரம்பத்தில் ஒருமுறை சொன்னாள். "அதான் படம் எடுத்தாச்சேம்மா" என்றார் பொறுப்பாளர். சரி, அதுவும் உண்மைதானே என்று அவளும் விட்டுவிட்டாள். இரண்டு வருடத்துக்கு மேல் அப்படியே போயிற்று.

ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்குப் பொறுப்பாளர் அவள் மேசைக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். பழைய அளவைக்காரர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் எழுதியிருந்தாள். ஒரு நட்சத்திரம் மங்கியதை முதலில் கண்டவர் அந்தக் காலத்து இயக்குநர் என்றுதான் எல்லா ஏட்டிலும் இருக்கிறது. ஆனால் அதற்குப் பத்து மாதம் முன்பே ஐந்தாம் மேசை அதைக் கவனித்திருக்கலாம் என்று அந்தப் பெண் நினைத்தாள். ஐந்தாம் மேசையின் வேலைக்குறிப்பில் "6216-இல் குறித்துள்ளேன்" என்று ஒரே ஒரு வரி இருந்ததாம். ஐந்தாம் மேசையில் இருந்தவர் ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. 6216-ஆம் கண்ணாடியின் மைக்குறிப் படத்தை அனுப்ப முடியுமா, முடிந்தால் வெள்ளிக்கிழமை நேரிலேயே வருகிறேன் என்று கேட்டிருந்தாள்.

"518-ஆம் தட்டும்மா. மூணு வாரம் முந்தி நீங்க முடிச்சது. கேமராப் படத்துல 6216 மட்டும் காணோம்."

"இருக்குமே சார். பன்னெண்டு எடுத்தேனே."

"பன்னெண்டு இருக்கு. அதுல 6211 ரெண்டு தடவை இருக்கு."

அவளுக்கு அந்த நிமிடமே எல்லாம் நினைவு வந்துவிட்டது. அன்றைக்கு ஏழாவது கண்ணாடியை எடுக்கும்போது கை லேசாக அசைந்த மாதிரி இருந்தது. படம் கலங்கியிருக்குமோ என்று அதையே இன்னொரு முறை எடுத்தாள். பதினொன்றாவது கண்ணாடியோடு கேமராவில் எண்ணிக்கை பன்னிரண்டு காட்டியது. பன்னிரண்டு கண்ணாடி, பன்னிரண்டு படம். கணக்குச் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டாள். துடைத்தாள். பன்னிரண்டாவது கண்ணாடி, 6216, படம் எடுக்கப்படாமலே துடைபட்டுவிட்டது. கவனமில்லாதவள் செய்திருக்க முடியாத தப்பு அது. கலங்கினால் கலங்கட்டும் என்று விடுகிற கையாக இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது.

"சார்" என்றாள். கை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

பொறுப்பாளர் நல்ல மனிதர். அவளைவிடப் பதினாறு வயது இளையவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பதறாதீங்க. அந்தக் கண்ணாடியில என்ன இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

இருந்தது. அவள் கண்ணால் பார்த்த கண்ணாடி எதுவும் அவளுக்கு மறப்பதில்லை. மேல் இடது மூலையிலிருந்து கை அகலம் தள்ளி ஒரு வட்டம். வட்டத்தை நோக்கி ஓர் அம்பு. பக்கத்தில் "மறுபடி பார்" என்று இரண்டு சொல். அதன் கீழே அழுத்தி ஒரு கோடு.

"அப்ப ஒரு தாள்ல வரைஞ்சு குடுத்துடுங்க. நடந்தது இதுதான்னு சேர்த்து எழுதிக் கோப்புல வைச்சுடலாம். ஒண்ணுமே இல்லாததுக்கு அது எவ்வளவோ மேல்."

சரி என்றாள். ஆனால் அன்று மாலை வீட்டுக்குப் போனபிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். நாத்தனார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன, கால்ல சக்கரம் கட்டிட்டு வந்திருக்கியா? உக்காந்து சொல்லு" என்றார்.

சொன்னாள்.

"அவ்வளவுதானே. வரைஞ்சு குடுத்துட்டுப் போ."

"அது வரைஞ்சதுதானே அண்ணி. இருந்தது இல்லையே."

"உனக்குத்தான் நல்லா ஞாபகம் இருக்குன்றியே."

"இருக்கு. அதான் பயமா இருக்கு. அந்தப் பொண்ணு நான் போட்ட வட்டத்த வச்சுத்தான் முடிவு பண்ணும். அந்த ஆளு இந்த உலகத்துல விட்டுட்டுப் போனதே அது ஒண்ணுதானாம். அதைத் துடைச்சவளே திருப்பி வரைஞ்சு குடுத்தா அது சாட்சியா?"

தொலைபேசி நிலையத்தில் இருபத்தொன்பது வருடம் அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்கியும் வாங்காமலும் இருந்த நாத்தனாருக்கு இது புரிந்தது. "அது சரி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எதுக்கும் நாலு தடவை வரைஞ்சு பாரு. நாலும் ஒண்ணா வருதான்னு" என்றார்.

செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் வரைந்தாள். எட்டுக்குப் பத்து அங்குலத் தாள்கள் நான்கு. ஒன்றை முடித்துக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்தது. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினாள். "மறுபடி பார்" நான்கிலும் ஒன்றுபோலவே இருந்தது. வட்டம் ஏறக்குறைய ஒரே இடம். அம்பு இரண்டில் மேலிருந்து வந்தது, இரண்டில் பக்கவாட்டில் வந்தது. கோடு ஒன்றில் குட்டை, மூன்றில் நீளம். நான்கையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கே வேலைக்கு வந்துவிட்டாள். அறை குளிர்ந்திருந்தது. 518-ஆம் தட்டிலிருந்து 6216-ஐ உருவினாள். கண்ணாடிப் பக்கத்தை மேலாக வைத்து விளக்கடியில் சாய்த்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பளிச்சென்று இருந்தது. எவ்வளவு நன்றாகத் துடைத்திருக்கிறேன் என்று நினைத்தபோது தன் கையைத் தானே கடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. ஓரத்தில் ஒரு விரல்தடம். அவளுடையதே. ஐந்து லட்சம் தடவை செய்ததை அவளையறியாமல் இன்னொரு தடவையும் செய்தாள். குனிந்தாள். "ஹா" என்று ஊதினாள்.

பனி படர்ந்தது. அந்தப் பனிக்குள் ஒரு வட்டம் தெரிந்தது.

தெரிந்த அதே நொடியில் வலது கை துணியோடு வந்து துடைத்துவிட்டது.

அப்படியே நின்றாள். கண்டது நிஜமா, இரண்டு நாளாக வட்டமே நினைப்பாக இருப்பதால் கண் ஏமாற்றியதா? இன்னொரு முறை ஊதலாம். ஊதினால் கை சும்மா இருக்குமா? அந்த வட்டம் ஒருவேளை கண்ணாடியில் மிச்சமிருந்த கடைசித் துளி மையாக இருந்து, இப்போது துடைத்ததில் அதுவும் போயிருந்தால்? முதல்முறை தெரியாமல் செய்தது. இரண்டாவது முறை தெரிந்தே செய்ததாகிவிடும். கண்ணாடியை உறையில் போட்டுத் தட்டில் செருகிவிட்டுக் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். பொறுப்பாளரிடம் அன்று எதுவும் சொல்லவில்லை. நாள் முழுக்க யார் கூப்பிட்டாலும் இரண்டாவது கூப்பாட்டுக்குத்தான் திரும்பினாள்.

வியாழக்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தாள். காலை ஆறரைக்கு எழுந்து வீட்டுக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். படுக்கையறை சன்னலில் வலது பக்கக் கதவு. அதில் ஒரு காலத்தில் கணவர் தன் பேருந்தின் வழித்தட எண்ணைச் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தார். பதினொரு வருடம் இருந்தது. அவர் ஓய்வுபெற்ற அன்று அவள்தான் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். அதற்கப்புறம் நூறு தடவையாவது துடைத்திருப்பாள். கிட்டே போய் ஊதினாள்.

நீளச்சதுரமாகச் சீட்டின் தடம் துல்லியமாக எழும்பி வந்தது. சீட்டு இருந்த இடத்தில் பனி வேறு மாதிரிப் படிந்தது. சுற்றிலும் வேறு மாதிரி. ஏழு நொடியில் மறைந்தது.

துடைத்தாள். ஊதினாள். வந்தது. துடைத்தாள். ஊதினாள். வந்தது.

கணவர் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "என்னம்மா பண்றே?"

"பேசாதீங்க. பதினாலு."

"எது பதினாலு?"

"பதினஞ்சு."

அவர் எழுந்துபோய்த் தன் அக்காவை அழைத்துவந்தார். இரண்டு பேரும் வாசற்படியில் நின்று பார்த்தார்கள். "நான் அன்னைக்கே சொன்னேன், சுவர்தான் தேயும்னு நினைச்சேன், இவளே தேஞ்சுட்டா" என்றார் நாத்தனார்.

"அண்ணி, இங்க வாங்க. நான் ஊதினதும் என்ன தெரியுதுன்னு சொல்லுங்க. நான் சொல்லித்தர மாட்டேன்."

ஊதினாள். நாத்தனார் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "சதுரமா என்னமோ தெரியுது. ஏன்டா தம்பி, இது உன் நம்பர் ஒட்டியிருந்த இடம்ல?"

"ஆமா. அந்தச் சீட்டைத்தான் இவ எப்பவோ கிழிச்சுப் போட்டாளே" என்றார் அவர்.

"அப்ப என் கண்ணு ஏமாத்தல" என்று அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு அன்றுதான் முதல்முறையாக ஒழுங்காக உட்கார்ந்தாள். பிறகு விளக்கினாள். சீட்டோ மையோ பல வருடம் கண்ணாடியை மூடியிருந்தால், அந்த இடத்தில் மட்டும் காற்றும் ஈரமும் படுவதில்லை. மற்ற இடத்தில் கண்ணாடியின் மேல்தோல் கொஞ்சம் கொஞ்சமாக மாறிவிடுகிறது. மூடினதை எடுத்துவிட்டாலும் அந்த வித்தியாசம் போவதில்லை, மூச்சுப் பட்டால் மட்டும் காட்டிக்கொடுக்கும். கடையில் பழைய சட்டத்திலிருந்து கழற்றின சில்லுகளில் இப்படித் தழும்பு தெரியும் என்றும், அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் துடைப்பாள் என்றும் சொன்னாள். இருபது தடவை துடைத்தும் சன்னல் தழும்பு போகவில்லை. அப்படியானால் 6216-உம் ஒரு தடவைக்குப் போயிருக்காது.

"போயிருக்காதுதான்" என்றார் நாத்தனார். "ஆனா உன் கை?"

அதுதான் சங்கடம். அன்று முழுக்கப் பழகிப் பார்த்தாள். டம்ளரை எடுத்து ஊதிவிட்டுத் துடைக்காமல் ஏழு எண்ண வேண்டும். முதல் ஒன்பது தடவையும் மூன்று எண்ணுவதற்குள் கை போய்விட்டது. துணி இல்லாவிட்டால் உள்ளங்கையாலேயே துடைத்தது. நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டில் பென்சிலால் தட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். தோளில் பை, அதற்குள் ஐந்தாம் மேசையின் வேலைக்குறிப்பு நகல்கள். பொறுப்பாளர் எப்படி ஆரம்பிப்பது என்று மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரம்மா முந்திக்கொண்டாள்.

"படம் எடுக்காம துடைச்சுட்டேன்மா. நான்தான். ஏழாவதை ரெண்டு தடவை எடுத்தேன், எண்ணிக்கை சரியா வந்துடுச்சு. யார் மேலயும் தப்பு இல்ல."

அந்தப் பெண்ணின் முகம் விழுந்துபோயிற்று. பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். "எல்லாமே போயிடுச்சா?"

"தெரியல. பார்க்கணும். எனக்கு ரெண்டு பேரோட உதவி வேணும்." பொறுப்பாளரிடம் திரும்பினாள். "சார், மின்விசிறியை நிறுத்துங்க. துணியெல்லாம் எடுத்து உங்க அலமாரியில பூட்டிடுங்க. என் கைக்குட்டையும் இந்தாங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். அந்த ரெண்டு இரும்புக் கட்டியையும் எடுத்துக் குடுங்க."

இரும்புக் கட்டிகள் காகிதம் பறக்காமல் வைப்பவை. ஒவ்வொன்றும் ஒன்றே கால் கிலோ. ஒரு கைக்கு ஒன்றாக இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பொறுப்பாளர் 6216-ஐச் சட்டத்தில் நிறுத்தி, பக்கவாட்டில் விளக்கை வைத்தார். அந்தப் பெண் கேமராவை மூன்று கால் நிறுத்தியில் பூட்டினாள்.

"ஏழு நொடிதான் இருக்கும். நான் ஊதினதும் எடுத்துக்கிட்டே இருங்க."

"அம்மா, எதுக்கு இரும்பு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"என்னைக் கட்டி வைக்கிறதுக்குக் கயிறு கிடைக்கல."

குனிந்து, வாயை அகலத் திறந்து, மெல்ல ஊதினாள்.

பனி படர்ந்தது. முதலில் வட்டம் வந்தது. அடுத்து "மறுபடி பார்". இரண்டு கையும் இரும்போடு மேசையிலிருந்து எழும்பின. பொறுப்பாளர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கேமரா நான்கு முறை சொடுக்கியது. பனி ஓரத்திலிருந்து சுருங்கி, கலைந்து, போயிற்று.

"வட்டத்துக்குள்ள நம்ம நட்சத்திரமேதான்" என்றாள் அந்தப் பெண். "ஆனா தேதி வேணும்மா. தேதி இல்லாம இது எப்ப போட்டதுன்னு சொல்ல முடியாது. பின்னாடி யாராச்சும் போட்டிருக்கலாம்னு சொல்லிடுவாங்க."

"தேதி இல்லைம்மா. கீழே ஒரு கோடுதான் இருந்துச்சு" என்றாள் கண்ணாடிக்காரம்மா. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒன்று உறைத்தது. இப்போது ஊதினபோது அம்பைக் காணவில்லையே. மேலிருந்தும் இல்லை, பக்கவாட்டிலும் இல்லை. அது முந்தின கண்ணாடி 6215-இன் அம்பு; நினைவில் இதோடு கலந்துவிட்டது. அம்பே இல்லாதபோது கோடு மட்டும் கோடாகத்தான் இருக்க வேண்டுமா?

"கேமராவை அந்தச் சொல்லுக்குக் கீழ கொண்டு போங்க. கிட்ட. இன்னும் கிட்ட."

இரண்டாவது முறை ஊதினாள். மூச்சு சரியாகப் படவில்லை. பாதியில் கலைந்தது. மூன்றாவது முறைக்கு ஒரு நிமிடம் பொறுத்தாள். வறண்ட தொண்டைக்குத் தண்ணீர் கேட்டாள். பொறுப்பாளர் டம்ளரை அவள் வாயருகே பிடித்துப் புகட்டினார், கையில் இரும்பு இருந்ததால்.

மூன்றாவது முறை நீளமாக ஊதினாள்.

கோடு கோடாக இல்லை. எறும்புச் சாரிபோல எண்கள். ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர் உயரம்கூட இராது. துடைத்த அன்றைக்கு அவள் கண்ணுக்கு அது கோடாகத்தான் பட்டிருந்தது. நாலு தாளிலும் கோடாகத்தான் வரைந்திருந்தாள். அந்தத் தாள் கோப்பில் ஏறியிருந்தால், அதற்கப்புறம் எந்தக் காலத்திலும் யாரும் அங்கே எண்ணைத் தேடியிருக்கமாட்டார்கள்.

கேமரா சொடுக்கிக்கொண்டே இருந்தது. நான்காவது ஊதலும் ஐந்தாவதும் கைகொடுத்தன. பிறகு மூவரும் கணினித் திரையைச் சுற்றி நின்றார்கள். அந்தப் பெண் படத்தைப் பெரிதாக்கிப் படித்தாள்.

"14-3. 2-4. 20-6. 7-11. நாலு தேதி. முதல் தேதி இந்தக் கண்ணாடி எடுத்த நாள், மத்தது பின்னாடி எடுத்த கண்ணாடிகள்ல பார்த்தது. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்துல ஒளி அளவு. படிப்படியா குறையுது. இயக்குநர் சொன்னது அடுத்த வருஷம் ஜனவரி பதினெட்டு." பைக்குள்ளிருந்து நகல்களை எடுத்தாள், ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். "இந்த ஏழைப் பாருங்கம்மா. நடுவுல குறுக்குக் கோடு. எட்டு மேசையில ஐந்தாம் மேசை மட்டும்தான் ஏழுக்குக் குறுக்குக் கோடு போடும்."

கண்ணாடிக்காரம்மா பார்த்தாள். நாலு தடவை. மார்ச்சில் "மறுபடி பார்" என்று தனக்குத் தானே எழுதிக்கொண்டு, சொன்ன சொல் தவறாமல் நவம்பர் வரை மறுபடி மறுபடி பார்த்திருக்கிறது அந்த மேசை. யாரும் கேட்காமலே.

"பேரு தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. பேரு இன்னும் தெரியல. ஆனா ஆள் இருந்தது தெரிஞ்சிடுச்சு."

பொறுப்பாளர் அலமாரியைத் திறந்து துணிகளையும் கைக்குட்டையையும் திருப்பிக் கொடுத்தார். அவள் இரும்புக் கட்டிகளை இறக்கி வைத்தாள். உள்ளங்கை சிவந்து பள்ளம் விழுந்திருந்தது. பையிலிருந்து நான்கு தாள்களையும் எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் "நினைவிலிருந்து வரைந்தது. தவறு" என்று எழுதித் தேதியிட்டுப் பொறுப்பாளரிடம் நீட்டினாள்.

"இது எதுக்கும்மா? கிழிச்சுப் போடலாமே."

"இருக்கட்டும் சார். நல்லா ஞாபகம் இருக்குன்னு அடுத்த தடவை நான் சொன்னா எடுத்துக் காட்டுங்க."

பிறகு பேரேட்டை எடுத்தாள். 518-ஆம் தட்டின் வரிக்கு நேரே, குறிப்புப் பத்தியில், படம் எடுக்காமல் 6216-ஐத் துடைத்தது தான் என்றும், மூச்சால் மீட்டது இன்ன தேதி, ஐந்து முறை ஊதியது, அதில் எண்கள் மூன்று முறை தெளிவாகத் தெரிந்தன என்றும் எழுதினாள். எழுதி முடித்ததும் பொறுப்பாளர் நிம்மதியாக மூச்சு விட்டார். வந்த பெண்ணுக்குத் தேநீர் சொல்ல எழுந்தார்.

அவள் பேரேட்டை மூடவில்லை. பக்கங்களைப் பின்னுக்குப் புரட்டிக்கொண்டே போனாள். 517, 516, 515. எல்லாத் தட்டிலும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து.

"சார், கைநடுக்கம்னு எத்தனை தடவை ரெண்டாவது படம் எடுத்திருப்பேன்னு தெரியல. ஐந்நூத்து முப்பத்திரண்டு தட்டு முடிச்சிருக்கேன். திங்கக்கிழமைலேர்ந்து முதல் தட்டுலேர்ந்து பார்க்கணும். எண்ணிக்கையை இல்ல. ஒவ்வொரு படத்தையும்."

"அம்மா, எண்ணிக்கைதான் எல்லாத்துலயும் சரியா இருக்கே."

"அன்னைக்கும் சரியாத்தானே சார் இருந்துச்சு."

பொறுப்பாளர் எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் நாத்தனார் கதவைத் திறந்தபடியே, "என்ன ஆச்சு?" என்றார். "வந்துடுச்சு அண்ணி" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். கணவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் மூக்கிலிருந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "ஹா" என்று ஊதினாள். கைக்குட்டை பாதி வழியில் நின்றது. சில்லை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பனி கலையும்வரை எண்ண ஆரம்பித்தாள்.

"என்னம்மா, சிவப்பு விளக்கு இன்னைக்கு ரொம்ப நேரம் எரியுதே" என்றார் அவர், வரியில் விரலை வைத்தபடி.

"பேசாதீங்க. அஞ்சு."